மேரி ஏன் பிரிந்து போகவில்லை?

வணக்கம் சார்,

அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ'நீலின் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகத்தை நீங்கள் சொல்லித்தான் வாங்கிப் படித்தேன். அப்புறம் 1962-இல் சிட்னி லூமெட் எடுத்த படத்தையும் பார்த்தேன். மேரியாக வரும் கேதரின் ஹெப்பர்ன் இன்னும் கண்ணிலேயே நிற்கிறார்.

ஆனால் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. மேரியின் கணவன் டைரோன் கஞ்சன், குடிப்பவன். பிரசவத்துக்குப் பிறகு வலியில் கிடந்த மனைவிக்குச் செலவைப் பார்த்து மட்டமான டாக்டரைக் கூட்டிவருகிறான். அந்த டாக்டர் வலிக்குக் கொடுத்த மார்ஃபின் என்ற போதை மருந்துதான் அவள் வாழ்க்கையையே தின்றுவிடுகிறது. அவளுக்கு நல்ல வீடு இல்லை, பேச ஒரு தோழி இல்லை. இவ்வளவுக்கும் பிறகு, அவன் மேல் பிரியம் வைத்திருப்பதாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவனும் சொல்கிறான். அடுத்த வரியிலேயே ஒருவரை ஒருவர் குத்திக் கிழிக்கிறார்கள். இது அன்பா, வெறும் பழக்கமா? என் கணவரிடம் பேசியபோது, "அவள் ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேள்" என்றார். அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

எஸ்.,
கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபம் நியாயமானது. டைரோன் மேல் நீங்கள் சொல்லும் குற்றம் எல்லாமே நாடகத்தில் இருக்கிறது, பெரும்பாலும் மேரியின் வாயிலிருந்தே வருகிறது. அதில் எதையும் நான் மறுக்கப்போவதில்லை.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1912 ஆகஸ்டில் ஒரே நாள், காலை எட்டரையிலிருந்து நள்ளிரவு வரை, கடலோரத்தில் ஒரு கோடைகால வீடு. ஜேம்ஸ் டைரோனுக்கு வயது 65, பெயர்பெற்ற மேடை நடிகர். மேரிக்கு 54. மூத்தவன் ஜேமி குடித்தே வீணாய்ப் போனவன். இளையவன் எட்மண்டுக்குக் காசநோய் என்று அன்றுதான் உறுதியாகிறது. மார்ஃபின் பழக்கத்துக்கான சிகிச்சை முடிந்து மேரி வீடு திரும்பி இரண்டு மாதம்தான் ஆகிறது. இந்தத் தடவையாவது அவள் தப்பிவிடுவாள் என்று மூன்று ஆண்களும் காலையில் நம்புகிறார்கள். இரவுக்குள் அந்த நம்பிக்கை போய்விடுகிறது.

உங்கள் கணவர் கேட்டதற்கு ஒரு சுலபமான பதில் உண்டு. கன்னிமாடப் பள்ளியில் படித்த கத்தோலிக்கப் பெண், கையில் சொந்தக் காசு கிடையாது, கன்னியாஸ்திரீயாகவோ பியானோக் கலைஞராகவோ ஆக நினைத்த கைகள் முடக்குவாதத்தில் கோணிப்போயிருக்கின்றன. 1912-இல் அவள் எங்கே போவாள்? இது உண்மைதான். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நாடகத்தில் பாதியைத் தவறவிடுவோம்.

இரண்டாம் அங்கத்தில் மேரி ஒரு விஷயம் சொல்வாள், நினைவிருக்கிறதா? ஜேமிக்கும் எட்மண்டுக்கும் நடுவில் அவர்களுக்கு இன்னொரு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. டைரோன் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம். தனியாக இருக்க முடியவில்லை, நீ இல்லாமல் ஏக்கமாக இருக்கிறது என்று மனைவிக்குக் கடிதம் எழுதுகிறார். அவளும் குழந்தைகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு அவரோடு இருக்கப் போய்விடுகிறாள். ஜேமிக்கு அப்போது தட்டம்மை. அவன் குழந்தை இருந்த அறைக்குள் போகிறான், குழந்தைக்கும் தொற்றி இறந்துபோகிறது. அந்தக் குற்ற உணர்ச்சி தீராமலேதான் பிறகு எட்மண்டைப் பெறுகிறாள். மார்ஃபின் வருவது அந்தப் பிரசவத்துக்குப் பிறகு.

அந்த வீட்டின் முதல் பெரிய அழிவு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். கஞ்சத்தனம் அங்கே காரணமில்லை, குடியும் காரணமில்லை. கணவன் ஒரு காதல் கடிதம் எழுதினான், மனைவி ஓடிப்போனாள், அவ்வளவுதான். அந்தப் பிரியம் பொய்யாக இருந்திருந்தால் அவள் போயிருக்கவே மாட்டாள். அன்பு குறைந்ததால் கெட்டுப்போன குடும்பமாக இதைப் படிக்க முடியாமல் போவது எனக்கு இந்த இடத்தில்தான். இந்த நாலு பேருக்கும் தீங்கு வந்ததில் பாதி அன்பின் வழியாகவே வந்தது. அதனால்தான் யாராலும் எழுந்து போக முடியவில்லை.

குத்திக் கிழிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேரி குற்றம் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். ஜேமியைப் பற்றிக் கொடூரமாக ஒன்று சொல்வாள். உடனே, அவனை இப்படி ஆக்கியது பழைய காலம், அவன் என்ன செய்வான் என்பாள். அவன் அப்பாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான் என்று அதே மூச்சில் தொடர்வாள். தேனிலவில் டைரோன் குடித்துவிட்டு வர, ஓட்டல் அறையில் மணிக்கணக்காகத் தனியே காத்திருந்ததைச் சொல்வாள். அவர் முகம் வாடினால் அவளாலேயே தாங்க முடியாது. திட்டுவதும் தேற்றுவதும் ஒரே ஆள், ஒரே நிமிடத்தில். பல வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் சண்டை போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இதில் ஒன்றும் அதிசயம் இருக்காது.

டைரோன் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்காம் அங்கத்தில், எரியும் பல்புக்குக்கூடக் கணக்குப் பார்க்கும் அந்த மனிதர், மகனிடம் முதல் தடவையாகத் தன் சிறுவயதைச் சொல்கிறார். அப்பா குடும்பத்தை விட்டுவிட்டு அயர்லாந்துக்குத் திரும்பிப் போய்விட்டார். பத்து வயதுப் பையன் ஒரு பட்டறையில் தினமும் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்து வாரம் ஐம்பது சென்ட் சம்பாதித்தான். ஒரே நாடகம் வருஷம் முப்பத்தையாயிரம், நாற்பதாயிரம் டாலர் லாபம் கொடுத்தபோது, பெரிய நடிகனாகும் வாய்ப்பை அதற்காக விட்டுக்கொடுத்தார். அதைச் சொல்லி வருந்திவிட்டு, எரிகிற விளக்குகளை எழுந்து போய் அணைக்கிறார். இது அவர் செய்ததை நியாயப்படுத்தாது. மட்டமான டாக்டர் மட்டமான டாக்டர்தான்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் இடம். மூன்றாம் அங்கத்தில் மேரி தன் கல்யாண உடையைப் பற்றிச் சொல்கிறாள். செலவைப் பார்க்காதே, பிடித்ததை வாங்கிக்கொள் என்று அவள் அப்பா சொல்கிறார். அம்மா கடிந்துகொள்கிறாள். சாட்டின் துணியில் கைக்கும் கழுத்துக்கும் பழைய லேஸ் வைத்துத் தைத்த உடை. மகள் பிறந்தால் அவள் கல்யாணத்துக்கு உடுத்திக்கொள்வாள் என்று மெல்லிய காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தாள். மகள் பிறக்கவில்லை. தனிமையாக இருக்கும்போது எடுத்துப் பார்ப்பாள், பார்த்தால் அழுகை வரும், அதனால் எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். பரணில் ஏதோ பெட்டியில் இருக்கும், ஒருநாள் தேட வேண்டும் என்கிறாள்.

அன்று இரவே தேடியிருக்கிறாள். நள்ளிரவில் முழு மயக்கத்தில் கீழே இறங்கி வருகிறாள், கையில் தொங்கும் அந்தக் கல்யாண உடை தரையில் இழுபடுகிறது. அவள் மனதில் இன்னும் பள்ளிப் பெண், எதிரே இருப்பவர்களை அடையாளம் தெரியவில்லை. டைரோன் எழுந்து போகிறார். இங்கே கொடு, மிதித்துக் கிழித்துவிடுவாய், அழுக்காகிவிடும், அப்புறம் வருத்தப்படுவாய் என்று வாங்கிக்கொள்கிறார். அவள் முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல மரியாதையாக நன்றி சொல்கிறாள். அவர் அந்த உடையை, கசங்கிவிடக் கூடாது என்பதுபோல, தடுமாற்றத்தோடு இரண்டு கையிலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திரை விழும் வரை அந்த உடை அவரிடம்தான் இருக்கிறது.

அது அன்பா, பழக்கமா? எனக்கு அது அன்பு. முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாத ஒருவரின் அன்பு. வேண்டிய நேரத்தில் உதவாத அன்பு என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்வேன். பொய் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த நாடகத்தின் கையெழுத்துப் பிரதியை ஓ'நீல் தன் மூன்றாவது மனைவி கார்லோட்டாவுக்கு, அவர்களுடைய பன்னிரண்டாவது திருமண நாளில், 1941 ஜூலை 22 அன்று கொடுத்தார். நீ தந்த அன்பினால்தான் என் இறந்தவர்களை எதிர்கொள்ள முடிந்தது என்று அதில் எழுதியிருக்கிறார். டைரோன் அவருடைய அப்பா ஜேம்ஸ் ஓ'நீல்தான். மேரி அவருடைய அம்மா. தான் இறந்து இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் அச்சில் வர வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அவர் 1953-இல் மறைந்த பிறகு கார்லோட்டா அதை வெளிவர அனுமதித்துவிட்டார், 1956 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் முதலில் மேடையேறியது. அதே வருடம் நியூயார்க்கில் டைரோனாகவும் மேரியாகவும் நடித்த ஃபிரெட்ரிக் மார்ச்சும் ஃபிளாரன்ஸ் எல்ட்ரிட்ஜும் நிஜத்திலும் கணவன் மனைவி.

நிஜத்தில் அந்த அம்மா 1914-இல் ஒரு கன்னிமாடத்தில் தங்கி மார்ஃபினிலிருந்து மீண்டுவிட்டார். நாடகத்தில் அது இல்லை. ஓ'நீல் 1912-இல் ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டார். அம்மா பின்னால் குணமாகிவிடுவாள் என்று தெரிந்தால் நமக்கு எல்லோரையும் மன்னிப்பது சுலபம். எதுவும் சரியாகாத ஒரு நாளில் இவர்களை மன்னிக்க முடியுமா என்றுதான் அவர் பார்த்தார் என்று நான் நினைக்கிறேன். பெற்றோரை அவரால் மன்னிக்க முடிந்தது. ஆனால் இதை எழுதிமுடித்த இரண்டு வருடத்தில், பதினெட்டு வயது மகள் ஊனா தன்னைவிட முப்பத்தாறு வயது மூத்த சாப்ளினை மணந்தபோது, அவளை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டார். எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம்.

திரும்பப் படிக்கும்போது மூன்றாம், நான்காம் அங்கங்களை ஒரே மூச்சில் படியுங்கள். ஓ'நீல் மேடைக் குறிப்புகளை நாவல் மாதிரி விரித்து எழுதுகிறவர், அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வசனம் திட்டிக்கொண்டிருக்கும்போது குறிப்பில் முகம் என்ன ஆகிறது, கை எங்கே போகிறது என்று பாருங்கள். உங்கள் கணவருக்கு நேரமிருந்தால் டைரோன் பேசுவதை அவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறமும் அவருக்கு அதே கேள்வி இருந்தால் எழுதுங்கள், பேசுவோம்.

அன்புடன்.