மன்னிப்பின் செய்தியை எப்படிச் சொல்வது? கேள்வி பதில்

கேள்வி: நண்பனிடம் கிறிஸ்து தரும் மன்னிப்பைப் பற்றிப் பேச ஆசை. எந்த வசனத்தில் ஆரம்பிக்கலாம்?

பதில்: வசனத்தை விடுங்கள், கதையில் ஆரம்பியுங்கள். மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதை அது: ராஜாவிடம் 10,000 தாலந்து கடன்பட்ட ஒருவன் வருகிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. ஆக மொத்தம் 6 கோடி நாள் கூலி! "எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறேன்" என்கிறான், பாவம். ராஜா கடன் முழுவதையும் தள்ளுபடி செய்துவிடுகிறார். வெளியே வந்தவன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான்.

பிரசங்கங்களில் இந்த 100-ஐச் சில்லறை மாதிரி பேசிவிடுகிறார்கள். அது 100 நாள் கூலி. எந்தக் கூலிக்காரனுக்கும் வலிக்கும் தொகை. நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. நண்பனிடம் பேசும்போது நீங்கள் அந்த 10,000 தாலந்துக்காரனாக இருந்து பேசுங்கள். வசூலுக்கு வந்த ராஜாவின் ஆள் மாதிரி நின்றால் யார் கேட்பார்கள்?

அப்புறம் ஓர் எச்சரிக்கை: அடிபட்டவரிடம் போய், எடுத்த எடுப்பில் "மன்னித்துவிடு" என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: கேட்க விருப்பமில்லை என்கிறார்களே?

பதில்: விட்டுவிடுங்கள். 1 பேதுரு 3:15 விசாரித்துக் கேட்கிறவர்களுக்குத்தான் பதில் சொல்லச் சொல்கிறது, அதுவும் சாந்தத்தோடு.

கேள்வி: தோழியைக் கணவர் அடிக்கிறார். ஏழு தரம் அல்ல, 'ஏழெழுபதுதரம்' மன்னிக்கச் சொல்லும் வசனத்தைச் சொல்லட்டுமா?

பதில்: கூடாது. முதலில் அவர் பாதுகாப்பான இடத்துக்குப் போக உதவுங்கள். தப்பு செய்தவனை நேரில் கண்டிப்பது, கேட்காவிட்டால் சாட்சிகளோடு போவது, பிறகு சபைக்குச் சொல்வது எல்லாம் அதே அதிகாரத்தில் அந்த வசனத்துக்கு முன்னாலேயே இருக்கின்றன. எச்சரிக்கையை மறுபடி படியுங்கள்.

கேள்வி: இதை ஏற்க முடியவில்லை. மன்னித்த பிறகு போலீஸ் புகார் எதற்கு? அது பழிவாங்கல்தானே?

பதில்: இல்லை. போப் இரண்டாம் ஜான் பால் 1981 மே 13 அன்று சுடப்பட்டார். சில நாளிலேயே, சுட்டவரை மன்னித்ததாக அறிவித்தார். 1983-இல் சிறைக்கே போய்ச் சந்தித்தார். அதற்குப் பிறகும் அந்த ஆள் 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார்.

கேள்வி: 2000-இல் இத்தாலி அந்த ஆளின் தண்டனையை மன்னித்தபோது போப்பும் அதை விரும்பினாரே! உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது.

பதில்: விரும்பினார், சரி. 19 ஆண்டு கழித்து, தன் உடம்பில் பாய்ந்த குண்டுக்காக. அது அவருக்கு வர வேண்டிய கடன், தள்ளுபடி செய்ய அவருக்கு உரிமை உண்டு. தோழி வாங்கிய அடியை நீங்களோ நானோ தள்ளுபடி செய்ய முடியுமா? பழிவாங்காதிருக்கச் சொல்லும் ரோமர் 12-ஐ அடுத்தே, தீமை செய்கிறவனை அதிகாரி தண்டிப்பதைப் பற்றி 13-ஆம் அதிகாரம் பேசுகிறது. இரண்டையும் எழுதியது ஒரே பவுல்தான்.

கேள்வி: அப்படியானால் புகாரை வாபஸ் வாங்குவது தப்பா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. அது அவருடைய முடிவு. சுற்றி நிற்பவர்கள் நெருக்கக் கூடாது. இந்த விவாதம் போதும்.

கேள்வி: எந்த வசனத்தில் ஆரம்பிக்கலாம்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: சுவிசேஷம் கேட்காமலே இறந்தவர்களின் நிலை?

பதில்: என் பாடம் அல்ல. உங்கள் போதகரிடம் கேளுங்கள்.

கேள்வி: அண்ணன் அப்பாவை இன்னும் மன்னிக்கவில்லை. நாளைக்கே போய் வசனம் காட்டப்போகிறேன்.

பதில்: வேதாகமத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள். அப்பா என்ன செய்தார் என்று அண்ணன் சொல்லட்டும். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேளுங்கள்.