கிங் பின் புதிது, துளை பழையது
தோட்டத்து இயந்திரங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாந்தோப்பில் உழுவதற்காக 18 குதிரைத்திறன் கொண்ட சிறு டிராக்டர் ஒன்றைச் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். ஸ்டீயரிங்கை நான்கு விரற்கடை அளவு திருப்பிய பிறகே முன்சக்கரம் அசைகிறது. ஸ்டீயரிங் பெட்டியையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர் ஒருவர், செங்குன்றம்

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரத்தைச் செலவிடுங்கள். பழைய வண்டியில் ஸ்டீயரிங் ஆட்டம் ஒரே இடத்தில் பிறப்பது அரிது. பெட்டி, அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் கம்பியின் இரு முனைகள், இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு கம்பியின் பால் ஜாயிண்ட்டுகள் (உருண்டை மூட்டுகள்), சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாக நிற்கும் கிங் பின்கள் என ஒவ்வோர் இணைப்பிலும் சேர்ந்த சிறு தளர்ச்சிகளின் கூட்டுத்தொகையே உங்கள் கைக்குத் தெரிகிறது. பெட்டியின் பல்விகிதம் 15-க்கு 1 என்றும், அதன் கீழே தொங்கும் கையின் நீளம் 100 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். அந்தக் கையின் நுனியில் 1 மி.மீ. தளர்ச்சி இருந்தால், 38 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங் வளையத்தின் விளிம்பில் அது ஏறக்குறைய 3 செ.மீ. ஆகப் பெருகிவிடும். ஆகவே இரண்டு மூன்று மூட்டுகள் சற்றே தேய்ந்தாலும் உங்கள் நான்கு விரற்கடை வந்துவிடும்.

இன்ஜினை நிறுத்தி, சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்கும்போதே ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாக அசைக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்து வாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத மூட்டே குற்றவாளி. பிறகு முன் ஆக்ஸிலை ஜாக்கியால் தூக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்து, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) மட்டும் ஆடினால் சக்கரப் பேரிங். ஹப்பைத் தாங்கும் தண்டும் சேர்ந்து ஆக்ஸிலுக்குள் ஆடினால் கிங் பின் புஷ் (பின்னைச் சுற்றித் துளைக்குள் நிற்கும் உலோகக் குழல்). ஆக்ஸிலை நடுவே வண்டியோடு பிணைக்கும் சென்டர் பின்னையும் மறக்காதீர்கள். அங்கே கடப்பாரை கொடுத்து முன்னும் பின்னும் நெம்பினால் ஆட்டம் தெரியும்.

பெட்டியின் மேல் உள்ள அட்ஜஸ்ட் திருகை இறுக்கி ஆட்டத்தைப் போக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. நேராக ஓடும் நிலையில் உள்ள பற்களே அதிகம் தேய்கின்றன. அந்த நிலையில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால், முழுவதும் திருப்பும்போது தேயாத பற்கள் பிடித்துக்கொள்ளும். மூட்டுகளை எல்லாம் சரி செய்த பிறகும் எஞ்சும் ஆட்டத்துக்கு மட்டுமே அந்தத் திருகு.

கேள்வி: ஒரே ஆண்டில் இருமுறை கிங் பின் மாற்றிவிட்டேன். இரண்டு மாதத்தில் மீண்டும் ஆட்டம் வந்துவிடுகிறது. போலிப் பொருளாக இருக்குமோ?
– வாசகி, திருநின்றவூர்

பதில்: பின்னைக் குறை சொல்வதற்கு முன் துளையைப் பாருங்கள். பாரம் ஒரே திசையில் அழுத்துவதால் ஆக்ஸில் முனையில் உள்ள துளை நீள்வட்டமாகத் தேய்ந்துவிடுகிறது. அதற்குள் எவ்வளவு உருண்டையான புதுப் பின்னைப் போட்டாலும் அது ஒரு கோட்டில்தான் தாங்கும், சீக்கிரமே தேயும்.

ஆக்ஸிலைக் கழற்றி, அம்பத்தூர் அல்லது கிண்டித் தொழிற்பேட்டையில் போரிங் வசதியுள்ள லேத் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். துளையை வட்டமாகப் பெரிதாக்கி, கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) புஷ் இறக்க வேண்டும். 25 மி.மீ. பின்னுக்கு 32 மி.மீ. வெளிவிட்டமுள்ள புஷ் என்றால், அது துளையைவிட 0.03 முதல் 0.05 மி.மீ. வரை பெரிதாக இருந்து பிரஸ்ஸில் இறங்க வேண்டும். இறங்கும்போது புஷ்ஷின் உள்விட்டம் சற்றுச் சுருங்கும். எனவே உட்புறத்தைச் சற்றுக் குறைவாகக் கடைந்து வைத்து, பொருத்திய பிறகே ரீமர் (துளையை நுண்ணளவில் தீட்டும் கருவி) விட்டு இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே 0.05 முதல் 0.10 மி.மீ. வரை இடைவெளி போதும். மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் ஒரே நீண்ட ரீமரால் ஒருசேரத் தீட்டச் சொல்லுங்கள். ஒரு பட்டறையில் எனக்கு இரண்டையும் தனித்தனியே தீட்டிக் கொடுத்தார்கள். கிங் பின் மேல் புஷ்ஷில் வழுக்கிக்கொண்டு இறங்கி, கீழ் புஷ்ஷில் முட்டி நின்றது. அரை நாள் கூலி வீண்.

இன்னொன்று, நேர்த்தியான பட்டறைகளிலும் தவறவிடுவது: புஷ்ஷில் கிரீஸ் துளை இட்டு, அது ஆக்ஸிலின் கிரீஸ் நிப்பிளுக்கு நேராக நிற்கும்படி இறக்க வேண்டும். நேராக இல்லாவிட்டால் நீங்கள் அடிக்கும் கிரீஸ் பின்னைச் சேராது. உங்கள் கிங் பின் இருமுறை தேய்ந்ததற்கு இதுவே காரணமாகவும் இருக்கலாம். பாரத்தைத் தாங்கும் திரஸ்ட் வாஷரையும் கூடவே மாற்றுங்கள். சேற்றில் ஓட்டும் நாட்களில் வேலை முடிந்ததும், பழைய கிரீஸ் சேற்றோடு வெளியே வரும்வரை புதிய கிரீஸை அடியுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் 1960களின் அமெரிக்கத் தோட்ட டிராக்டர் ஒன்று சும்மா நிற்கிறது. அதன் ஆக்ஸிலில் புஷ்ஷே இல்லை. தேய்ந்த துளையை வெல்டிங் போட்டு அடைக்கலாமா?
– வாசகர் ஒருவர், அடையாறு

பதில்: வேண்டாம். அக்காலத்துத் தோட்ட டிராக்டர்கள் பலவற்றில் கிங் பின்னின் வேலையைச் செய்யும் தண்டு நேராக வார்ப்பிரும்புத் துளைக்குள்ளேயே சுழலும். எனவே புஷ் இல்லாதது குறைபாடன்று. வார்ப்பிரும்பைச் சூடாக்காமல் சாதாரண ராடால் வெல்டிங் செய்தால் ஆறும்போது விரிசல் விடும். துளையைச் சுற்றியுள்ள சுவரில் போதிய தடிமன் இருந்தால், துளையைப் பெரிதாக்கி மேலே சொன்னபடியே புஷ் இறக்குங்கள். அளவுகள் அங்குலத்தில் இருக்கும் என்பதால், புதுப்பேட்டையில் மில்லிமீட்டர் பின் ஒன்றை ஏறத்தாழப் பொருந்துகிறதே என்று வாங்காமல், பழைய தண்டையே மைக்ரோமீட்டரால் அளந்து அதற்கேற்பப் புஷ்ஷைக் கடையச் சொல்லுங்கள். எல்லாம் பூட்டிய பின் டை ராடைத் திருகி, சக்கரங்களின் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட 3 முதல் 6 மி.மீ. வரை குறைவாக இருக்கும்படி வையுங்கள். வண்டியின் கையேடு கிடைத்தால் அதில் உள்ள அளவையே பின்பற்றுங்கள்.