என் டீமில் யாருக்கும் வேலையில் பிடிப்பே இல்லை. லைஃப் கோச் ஒருவரைக் கூப்பிட்டால் சரியாகுமா?

கேள்வியின் கீழே நீங்கள் தந்திருக்கும் விவரம் இது: சிறிய தயாரிப்பு நிறுவனம், நீங்கள் செக்‌ஷன் இன்சார்ஜ். இந்த வருடம் எல்லோருக்கும் சம்பளம் ஏற்றியாயிற்று, ஊட்டிக்கு ஒரு டூரும் போய் வந்தாயிற்று. கொஞ்ச நாள் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. ஒவ்வொருவராகக் கேபினுக்குக் கூப்பிட்டு “உங்களுக்கு என்னதான் வேணும்?” என்று கேட்டும் பார்த்துவிட்டீர்கள். “ஒண்ணுமில்லீங்க சார், நல்லாத்தான் இருக்கு” என்பதைத் தாண்டி யாரும் எதுவும் சொல்லவில்லை.

கோயம்புத்தூர் பக்கம் பம்ப், மோட்டார் கம்பெனிகளில் பல வருடம் எச்.ஆர். வேலை பார்த்துவிட்டு, அப்புறம் கோச்சிங் படித்து, இப்போது அதையே தொழிலாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஆகவே “உடனே ஒரு கோச்சைப் பிடியுங்கள்” என்று எழுதினால் என் பிழைப்புக்கு நல்லது. ஆனாலும் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும்.

மேலதிகாரி கேபினில் உட்காரவைத்து “என்ன வேணும்?” என்று கேட்டால் வம்பில்லாத பதில் இரண்டுதான் உண்டு. ஒன்று, ஒன்றுமில்லை. இன்னொன்று, சம்பளம். இதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. தன்னை எது ஓட வைக்கிறது என்று யோசித்து, வார்த்தையாக்கி, கையில் தயாராக வைத்திருக்கும் மனிதர்கள் ரொம்பக் குறைவு. உங்களையே நான் திடீரென்று கேட்டால் நீங்களும் முழிப்பீர்கள்.

அதனால் விருப்பத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். “போன மாசத்துல, இன்னிக்கு வேலை நல்லாப் போச்சுன்னு தோணின நாள் எது? அன்னிக்கு என்ன நடந்துச்சு?” அதைச் சொல்லி முடித்ததும், “சரி, ஏன்டா வந்தோம்னு இருந்த நாள்?” இவ்வளவுதான்.

இது என் சரக்கு இல்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பகுதியில் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளரும் சகாக்களும் 203 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் இப்படித்தான் பேட்டி எடுத்தார்கள். 1959-ல் அது புத்தகமாக வந்தது. வேலையில் அலாதியான நிறைவு வந்த ஒரு சமயத்தையும், வெறுத்துப்போன ஒரு சமயத்தையும் சொல்லச் சொன்னார்கள். நிறைவுக் கதைகளில் திரும்பத் திரும்ப வந்தவை: ஒன்றைச் செய்து முடித்தது, அதை ஒருவர் மதித்துச் சொன்னது, வேலையின் ருசி, பொறுப்பு கிடைத்தது, ஒரு படி மேலே போனது. கசப்புக் கதைகளில் வந்தவை கம்பெனியின் விதிமுறைகள், மேற்பார்வையாளரின் நடத்தை, சம்பளம், வேலையிட வசதிகள். இரண்டாவது வகையைச் சரிசெய்தால் முணுமுணுப்பு அடங்கும், ஆனால் பிடிப்பு தானாக வந்துவிடாது என்பது அவர் எடுத்த முடிவு. உங்கள் சம்பள உயர்வும் ஊட்டியும் எந்தப் பக்கம் விழுகின்றன என்று தெரிகிறதல்லவா?

இதற்கு ஒரு நியாயமான எதிர்ப்பும் உண்டு. நல்லது நடந்தால் “நான் செய்தேன்” என்போம், கெட்டது நடந்தால் “கம்பெனி சரியில்லை” என்போம். மனித சுபாவம். அதனாலேயேகூட அவருக்குப் பட்டியல் அப்படிப் பிரிந்திருக்கலாம். அந்தப் பிரிவினையை நானும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதில்லை. கேட்கும் முறையை மட்டும் விடமாட்டேன், ஏனென்றால் அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு மோட்டார் கம்பெனியின் வைண்டிங் செக்‌ஷன். மோட்டாரில் சுற்றாமல் நிற்கும் பாகமான ஸ்டேட்டரின் ஸ்லாட்டுக்குள் இன்சுலேஷன் பேப்பர் வைத்து, செம்புக் காயிலை ஒவ்வொன்றாக இறக்கி, முனைகளை நூலால் இழுத்துக் கட்டுகிற வேலை. பெரும்பாலும் பெண்கள். விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கும். அங்கே அனுபவசாலியான ஒரு அக்கா. எதற்கும் முகம் கொடுக்கமாட்டார், டார்கெட்டை முடிப்பார், கிளம்பிவிடுவார். “ஆட்டிட்யூட் சரியில்லை” என்று சூப்பர்வைசர் எழுதி வைத்திருந்தார். நல்ல நாள் எது என்று கேட்டபோது ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரு பழைய கதையைச் சொன்னார். டெஸ்டிங் ஷெட்டில் ஒருநாள் ஆள் வரவில்லை, இவரை அங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

“நான் கட்டின மோட்டார் சுத்தறத அன்னிக்குத்தானுங்க பார்த்தேன். நமக்குத் திரும்பி வர்றது மட்டுந்தான தெரியும். நல்லா ஓடறது நேரா லாரிக்குப் போயிருதுங்களே.”

விஷயம் அதுதான். டெஸ்டிங்கில் தோற்றது மட்டும் சிவப்பு டேக்கோடு இவருடைய மேஜைக்குத் திரும்பி வரும். தேறியவை பற்றி ஒரு வார்த்தை வராது. வருடக்கணக்காகத் தன் தவறுகளை மட்டுமே பார்த்துக்கொண்டு ஒருவர் வேலை செய்திருக்கிறார். புரொடக்‌ஷன் மேனேஜரோடு கொஞ்சம் மல்லுக்கட்டி, மூன்று சின்ன மாற்றங்கள் செய்தோம். ஸ்டேட்டரில் கட்டியவரின் எண்ணைக் குறிப்பது, தேறியவற்றின் கணக்கையும் தினமும் வைண்டிங் போர்டில் எழுதுவது, வைண்டிங் ஆட்கள் முறைவைத்து டெஸ்டிங்கில் நிற்பது. அந்த அக்கா ஒன்றும் அடியோடு மாறிவிடவில்லை, அதே கறார் முகம்தான். ஆனால் ஒருநாள் பேப்பர் தடிமன் லாட்டுக்கு லாட் மாறுகிறது, அதனால்தான் சில காயில் அடி வாங்குகிறது என்று ஸ்டோர்ஸில் போய்ச் சண்டை போட்டார். அதற்கு முன் அவர் ஸ்டோர்ஸ் வாசலை மிதித்ததுகூட இல்லை.

ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளர் 2007-ல் வெளியிட்ட ஒரு ஆய்வும் இதே ஜாதிதான். பல்கலைக்கழகத்துக்காகப் போன் போட்டு நன்கொடை திரட்டும் ஊழியர்களை, அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் ஒரு மாணவரோடு சில நிமிடம் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் போனில் செலவிட்ட நேரம் 142 சதவீதம் கூடியிருந்தது. சம்பளத்தில் பைசா மாற்றமில்லை. தன் வேலை யாரிடம் போய்ச் சேருகிறது என்பதைப் பார்த்தார்கள், அவ்வளவே.

இதைப் படித்துவிட்டு எல்லோரையும் கொண்டுபோய் டெஸ்டிங்கில் நிறுத்திவிடாதீர்கள். அதே செக்‌ஷனில் இருந்த ஒரு அண்ணாவுக்கு மோட்டார் சுற்றினாலும் ஒன்றுதான், சுற்றாவிட்டாலும் ஒன்றுதான். வீட்டில் மாடு வைத்திருந்தார். சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் ஊற்ற நேரத்துக்குப் போயாக வேண்டும். அவருடைய வெறுத்துப்போன நாள் என்பது, ஷிப்ட் முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் வந்து “இன்னிக்கு ஓ.டி. இருக்கு, யாரும் போகாதீங்க” என்று சொல்லும் ஒவ்வொரு நாளும்தான். ஓ.டி.யை முந்தின நாளே சொல்லிவிட வேண்டும் என்று ஆக்கினோம். அவர் வேலையைக் காதலிக்க ஆரம்பிக்கவில்லை. சொல்லாமல் லீவு போடுவதை மட்டும் நிறுத்தினார். எனக்கு அது போதும். எல்லோரும் வேலையில் உருகி நிற்க வேண்டும் என்பது கார்ப்பரேட் போஸ்டர்களின் ஆசை. ஒழுங்காக வந்து, சரியாகச் செய்து, நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறவரிடம் எந்தக் குறையும் இல்லை.

கேட்கும்போது கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். கேபினுக்குக் கூப்பிடாதீர்கள், டீ குடிக்கும் இடத்திலோ மெஷின் பக்கத்திலோ நின்றபடி பேசுங்கள். நோட்டுப் புத்தகம் கையில் இருக்கக்கூடாது. “ஏன் அப்படிச் செஞ்சீங்க?” என்ற கேள்வி நம் ஊரில் என்கொயரி மாதிரிதான் காதில் விழும், உடனே ஆள் உஷாராகிவிடுவார். “அப்புறம்?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மேலோட்டமாகப் பேசிக்கொண்டிருந்தவர் எந்த இடத்தில் நுணுக்கத்துக்குள் போகிறார் என்று பாருங்கள். போல்ட் சைஸ், வந்த கஸ்டமரின் பேச்சு, எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று விவரம் கொட்டினால் அவருடைய மனசு அங்கேதான் இருக்கிறது. டிராயிங் தப்பு, டூல் சரியில்லை என்று சதா குறை சொல்லிக்கொண்டிருப்பவரைக் கண்டு எரிச்சல்படாதீர்கள். அவருக்கு இன்னும் வேலை மேல் அக்கறை இருக்கிறது. முன்பு குறை சொல்லிக்கொண்டிருந்து இப்போது சும்மா தலையாட்டுகிறவரைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் “சம்பளம் முக்கியமில்லை என்கிறான் பார்” என்று கமெண்டில் வந்து நிற்பீர்கள். சம்பளம் முக்கியம்தான். 1913-ல் ஃபோர்டு கம்பெனி சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, அந்த ஒரே வருடத்தில் 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் நிற்கவில்லை. 1914 ஜனவரியில் தினக்கூலியை ஏறக்குறைய இரண்டு மடங்காக, 5 டாலராக அறிவித்து, வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தார்கள். ஆட்கள் விட்டுப்போவது மளமளவென்று குறைந்தது. சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுத்துக்கொண்டு பிடிப்பைப் பற்றிப் பேசும் முதலாளியிடம் எனக்கு எந்த அனுதாபமும் கிடையாது.

ஆனால் பணம் ஆளை நிறுத்திவைக்கும் அளவுக்கு வேலையை நன்றாகச் செய்ய வைக்குமா என்பது வேறு கேள்வி. இதற்கு நம்ம மதுரைப் பக்கமே ஒரு சோதனை நடந்திருக்கிறது. டான் ஏரியலியும் இன்னும் மூன்று ஆய்வாளர்களும் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வு. 87 பேருக்கு, நினைவாற்றலையும் கைநிதானத்தையும் சோதிக்கும் ஆறு விளையாட்டுகள். நன்றாக ஆடினால் விளையாட்டு ஒன்றுக்கு ஒரு குழுவுக்கு 4 ரூபாய், இன்னொரு குழுவுக்கு 40, மூன்றாவது குழுவுக்கு 400. அன்றைக்குக் கிராமத்தில் 400 ரூபாய் என்பது ஒரு ஆளின் ஒரு மாதச் செலவை நெருங்கிய தொகை. 4 ரூபாய்க்காரர்களும் 40 ரூபாய்க்காரர்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆடினார்கள். மோசமாக ஆடியது 400 ரூபாய்க்காரர்கள். போய்விடுமோ என்ற பதற்றம் கையைக் கெடுத்துவிட்டது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஏரியலி பங்கெடுத்த வேறொரு ஆய்வு, தரவை நம்ப முடியாது என்று 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. அதனால் இதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் மாசக் கடைசியில் இன்சென்டிவ் டார்கெட்டுக்கு ஒரு பீஸ் குறையும்போது ஷாப் ஃபுளோரில் நடக்கும் அவசரத்தையும் அதில் விழும் ரிஜெக்‌ஷனையும் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

சரி, கோச் விஷயத்துக்கு வருவோம். மைக் பிடித்து, கைதட்ட வைத்து, கண்ணை மூடச் சொல்லி அம்மாவை நினைக்க வைத்து அழவிடுகிறவர் கோச் இல்லை. அவர் பேச்சாளர், அதன் வீரியம் திங்கட்கிழமை மதியம் வரைக்கும் தாங்கும். கோச் என்பவர் தனியாக உட்கார்ந்து கேள்வி கேட்பார், பெரும்பாலும் அறிவுரை சொல்லமாட்டார். உதாரணத்துக்கு ஒன்று. சூப்பர்வைசராகப் போகலாமா வேண்டாமா என்று தயங்குகிறவரிடம் “இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை?” என்று கேட்பேன். “நாலு” என்பார். “ஏன் எட்டு இல்லை?” என்று கேட்டால் வேண்டாம் என்பதற்கான காரணங்களை அடுக்குவார், முடிவில் அவற்றையே நம்பியும் விடுவார். “ஏன் ஒண்ணு இல்லை? நாலு எங்கிருந்து வந்துச்சு?” என்று கேட்டால் தனக்கு அதில் எது பிடித்திருக்கிறது என்று அவர் வாயாலேயே வரும். குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களுக்காக வில்லியம் மில்லர் 1983-லிருந்து வளர்த்தெடுத்த உரையாடல் முறையில் இருக்கும் கேள்வி இது. வேலையிடத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

லைஃப் கோச் என்று போர்டு மாட்ட நம் நாட்டில் எந்த லைசென்ஸும் தேவையில்லை. வார இறுதி வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்த யாரும் மாட்டலாம், மாட்டியும் இருக்கிறார்கள். 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஐ.சி.எஃப். (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) என்ற கோச்சுகளின் கூட்டமைப்பு மூன்று தகுதிச் சான்றுகள் தருகிறது. ஏ.சி.சி.க்குக் குறைந்தது 100 மணிநேரம் கோச்சிங் செய்திருக்க வேண்டும், பி.சி.சி.க்கு 500, எம்.சி.சி.க்கு 2,500. சான்று இருந்தால் நல்லவர் என்று அர்த்தமில்லை. குறைந்தபட்சம் உட்கார்ந்து பேசிய அனுபவம் இருக்கிறது என்று தெரியும். அதைவிட முக்கியமாக அவரிடம் முதல் நாளே கேட்க வேண்டியது: “என் ஆள் உங்ககிட்ட சொல்றதை எங்ககிட்ட சொல்வீங்களா?” சொல்வேன் என்றால் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள். பணம் கொடுப்பது கம்பெனியாக இருந்தாலும், எந்த விஷயத்தில் வேலை செய்கிறோம் என்பது மட்டும்தான் கம்பெனிக்குத் தெரியலாம். பேசியது என்ன என்பது அந்த இருவரோடு நிற்க வேண்டும். இந்த ஒன்று இல்லையென்றால் உங்கள் ஆட்கள் கோச்சிடமும் “நல்லாத்தான் இருக்குங்க” என்றே சொல்வார்கள். ஒருவர் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், எதிலும் ஒட்டாமல் இருந்தால் அது கோச் பார்க்க வேண்டியதே இல்லை, மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டியது.

ஆகவே நிர்வாகம் இதற்குக் காசு ஒதுக்கத் தயார் என்றால், முதல் சில செஷன்களை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. ஓ.டி.யை எப்போது சொல்வது, தேறியதை யார் போய்ச் சொல்வது, டிராயிங் தப்பு என்று வருகிறவரை எப்படிக் கேட்பது என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது, அவர்கள் கையில் இல்லை. அடுத்து, புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்கள் யாராவது இருந்தால் அவர்களை அனுப்புங்கள். நேற்றுவரை தன் கையால் செய்துகொண்டிருந்த வேலையை இன்று இன்னொருவரைச் செய்யவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியம் இல்லை, கோச் அதிகம் உதவுவது அங்கேதான். மற்றவர்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும். எதுவாக இருந்தாலும் செஷனை ஷிப்ட் நேரத்துக்குள் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம்.