காபியோடு உள்ளே போகும் மாத்திரை

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. கோவையில் வேலை பார்த்தபோது நண்பர்களோடு சேர்ந்து வலி மாத்திரைக்குப் பழகி, கடைசியில் அதை ஊசியாகவும் போட்டுக்கொண்டிருக்கிறான். ஊருக்குக் கூட்டி வந்து 7 மாதமாக வைத்தியம் நடக்கிறது. நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை தருகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என் தம்பிதான் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறான். பழைய பழக்கம் திரும்ப வரவில்லை. ஆனால் இந்த மாத்திரை அவனைப் பாடாய்ப் படுத்துகிறது. மூன்று நாள், நாலு நாள் வெளிக்குப் போவதில்லை. தலைவலி, குமட்டல். சாயங்காலம் 5 மணி ஆனால் வியர்த்துக் கொட்டுகிறது. ஓயாத கொட்டாவி, மூக்கு ஒழுகல். ராத்திரி கால் குடைச்சலில் தூங்குவதே இல்லை. டாக்டரிடம் சொன்னால் மாத்திரையைக் குறைக்காமல் இரண்டு தடவை கூட்டிவிட்டார். அவன் அப்பாவுக்கு எதுவும் தெரியாது. அல்சர் மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறேன். காலையில் அவர் நடந்துவிட்டு வருவதற்குள் அடுக்களையில் வைத்துக் காபியோடு கொடுத்துவிடுவேன். வைகாசிக்குள் அவனுக்குக் கல்யாணம் முடிக்க வேண்டும். அதற்குள் மாத்திரையை நிறுத்த வழி சொல்லுங்கள். வீட்டு வைத்தியம் ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: மாத்திரை செய்யும் கொடுமைகளை வரிசையாக எழுதிய நீங்கள், ஒரு வரியை மட்டும் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். “காபியோடு கொடுத்துவிடுவேன்.” நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன் அம்மா.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை என்று நீங்களே எழுதுகிறீர்கள். அது அங்கே இருக்கும்போது வாய்க்குள் காபி எப்படிப் போக முடியும்? உங்கள் மகன் அதை விழுங்குகிறான். இப்படி எத்தனை மாதமாக நடக்கிறதோ, அத்தனை மாதமும் டாக்டர் எழுதிய அளவு ஒன்று, அவன் உடம்பில் ஏறிய அளவு வேறொன்று.

புப்ரினார்ஃபின், பழைய போதை மருந்தின் இடத்தில் அளவாகத் தரப்படும் அதே இனத்து மருந்து. அதை விழுங்கினால் குடல் வழியாக ஈரலுக்குப் போகும். ஈரல் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். நாக்குக்கு அடியில் இருக்கும் மெல்லிய சவ்வு வழியாக நேரே ரத்தத்தில் கலந்தால்தான் அதற்கு முழு வேலை உண்டு. கரைவதற்கு 5 முதல் 10 நிமிடம் ஆகும். அதுவரை பேசக் கூடாது, எதுவும் குடிக்கக் கூடாது, எச்சிலைக் கூட்டி விழுங்கக் கூடாது. வாய் காய்ந்திருந்தால் மாத்திரையை வைப்பதற்கு முன் ஒரு மடக்குத் தண்ணீரில் வாயை நனைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். முதல் நாளே இதைச் சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். உங்கள் தம்பி கேட்டிருப்பார், உங்கள் மகனும் கேட்டிருப்பான். உங்கள் அடுக்களையில் அதற்கு நேரம் இல்லாமல் போய்விட்டது.

இப்போது நீங்கள் எழுதிய சாயங்காலத்தைத் திரும்பப் படியுங்கள். வியர்வை மாத்திரையாலும் வரும். ஆனால் வியர்வை, ஓயாத கொட்டாவி, மூக்கு ஒழுகல், கால் குடைச்சல், தூக்கமின்மை எல்லாம் ஒன்றுசேர்ந்து நாள்தோறும் ஒரே நேரத்துக்கு வருகிறது என்றால், மருந்து பற்றாமல் உடம்பு தவிப்பதாகத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஊசியை நிறுத்திய முதல் வாரத்தில் அவன் பட்ட அவஸ்தையை நினைத்துப் பாருங்கள். அதன் சின்ன வடிவம் இது. டாக்டர் அளவைக் கூட்டியதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். அவர் உங்கள் எதிரி இல்லை. காபி விஷயம் அவரிடம் சொல்லப்படவே இல்லை.

அவசரப்பட்டு நாளைக் காலையே மகனை உட்காரவைத்து, இப்போது இருக்கும் அளவை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு தடவை கூட்டிய அளவு அது. இதுவரை சிந்திச் சிதறி ஏறியது திடீரென்று முழுதாக ஏறினால் கிறக்கமும் தள்ளாட்டமும் வரலாம். முதலில் டாக்டருக்கு ஃபோன் செய்து, “காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தான்” என்று அப்படியே சொல்லுங்கள். எந்த அளவிலிருந்து தொடங்குவது என்று அவர் சொல்லட்டும். அவர் சொல்லும்வரை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

அந்தக் காபிக்கு வருகிறேன். ஏன் காபி? உங்கள் வீட்டில் 26 வயதுப் பிள்ளை 10 நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார இடம் இல்லை. உட்கார்ந்தால் அப்பா கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். சொல்ல உங்களுக்குப் பயம், வெட்கம். அந்தப் பயத்தின் விலையைத்தான் உங்கள் மகன் ராத்திரி முழுக்கக் கால் குடைச்சலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். இதை மாத்திரையின் பக்க விளைவு என்று என்னால் எழுத முடியாது.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் ஒரு தாய் மகனுக்கும் தகப்பனுக்கும் நடுவில் திரைச்சீலையாக நிற்கிறாள். அதைத் தியாகம் என்று நினைத்துக்கொள்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. பிள்ளை பிழைக்கிறானா இல்லையா என்பது தெரியாமல் தகப்பனை ஒரு வீட்டில் வைத்திருப்பது அவருக்கும் செய்யும் அநியாயம். தாய்மாமன் கடமையைச் செய்கிறார், அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர் செய்வது தகப்பன் வேலை.

அல்சர் மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறீர்களே, உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு நாள் ராத்திரி நெஞ்செரிச்சல் வந்து, உங்களை எழுப்ப வேண்டாம் என்று அந்த மாத்திரையில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டால்? அந்த மருந்து உடம்புக்குப் பழகாத ஒருவருக்கு அது மூச்சை மந்தப்படுத்தும். வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளை கையில் கிடைத்தால் உயிருக்கே ஆபத்து. மகனுக்கு விபத்து ஏதாவது நடந்து தகப்பன் தூக்கிக்கொண்டு ஓடினால், “என்ன மாத்திரை சாப்பிடுகிறான்?” என்று கேட்கும் டாக்டரிடம் “அல்சருக்கு” என்பார். வலிக்கு எந்த மருந்து கொடுப்பது, மயக்க மருந்து எப்படிக் கொடுப்பது என்பதெல்லாம் அந்த ஒரு பதிலைப் பொறுத்தது. இன்றைக்கே அந்த மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். அட்டையில் இருக்கும் மருந்தின் பெயரை எழுதி மகனின் பர்ஸில் ஒரு சீட்டு இருக்கட்டும்.

தகப்பன் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வகை மருந்துகள் சில ஆண்களுக்கு ஆண்மை ஹார்மோனைக் குறைக்கும், தாம்பத்திய நாட்டம் மங்கும். கல்யாணம் பேசும் வீட்டில் அந்தப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய பயமாக இருக்கும் என்று யோசியுங்கள். உங்களிடம் சொல்வானா? செத்தாலும் சொல்ல மாட்டான். சத்தமில்லாமல் மாத்திரையைத் துப்பிவிட்டு, இரண்டு வாரம் கழித்து பழைய நண்பனுக்கு ஃபோன் செய்வான். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து டாக்டர் வழி சொல்லக்கூடிய விஷயம் இது. வீட்டில் ஓர் ஆண் அவனோடு உட்கார்ந்து பேசியிருந்தால் முதல் மாதமே வெளியே வந்திருக்கும்.

மலச்சிக்கல் உண்மையிலேயே மருந்தால் வருவது. தலைவலியும் குமட்டலும் பலருக்கு நாளாக ஆகக் குறையும், மலச்சிக்கல் லேசில் போகாது. குடலின் அசைவையே மருந்து மந்தப்படுத்துகிறது. அதனால் கீரை, கொய்யா, தண்ணீர், நடை எல்லாம் வேண்டும், ஆனால் அவை மட்டும் போதாமல் போகலாம். இசப்கோல் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் தாராளமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே அடைத்துக்கொள்ளும். டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்டால் லாக்டுலோஸ் மாதிரி மலத்தை இளக்கும் மருந்தோ, குடலைத் தூண்டும் மருந்தோ எழுதித் தருவார். வீட்டு வைத்தியம் கேட்டீர்கள். உங்கள் மாவட்டத்தில் விளையும் நிலாவரையைத்தான் உலகம் திருநெல்வேலி சென்னா என்று பெயர் வைத்து மலமிளக்கியாக வாங்குகிறது. அதைக்கூட டாக்டரைக் கேட்டு, அவர் சொல்லும் அளவில் கொடுங்கள், கைப்பிடிக் கணக்கில் கஷாயம் வைக்க வேண்டாம். வயிறு உப்பி, வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பல்லையும் கவனியுங்கள். வாயில் கரையும் புப்ரினார்ஃபின் மருந்துகளால் பல் கெடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022 ஜனவரியில் எச்சரித்தது. மாத்திரை முழுக்கக் கரைந்த பிறகு ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் சுழற்றி விழுங்க வேண்டும். உடனே பல் துலக்கக் கூடாது, ஒரு மணி நேரம் போகட்டும். ஆகவே, எழுந்ததும் முதலில் பல் துலக்கிவிட்டு மாத்திரை, அரை மணி கழித்துக் காபி.

ராத்திரி தூக்கம் வரவில்லை என்று வீட்டுப் பெரியவர்களின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். நீங்கள் அதை எழுதவில்லை, செய்திருக்கவும் மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இந்த மருந்தோடு தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிப்போகலாம். நண்பன் கல்யாணத்தில் ஒரே ஒரு பீர் என்றாலும் கூடாது.

வைகாசி என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து நிறுத்தும் மருந்தா இது? அவசரமாக நிறுத்தினால் ஏக்கம் திரும்பும். அதைவிடப் பெரிய ஆபத்து, மருந்தில்லாத சில வாரங்களில் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்துவிடும். அப்போது ஒருமுறை தடுமாறி, முன்பு போட்ட அதே அளவு ஊசியைப் போட்டால், முன்பு தாங்கிய அளவே அவன் மூச்சை நிறுத்தும். பிள்ளைகள் இப்படித்தான் போகிறார்கள். நிறுத்தும் காலம் வரும்போது டாக்டர் மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். சிலருக்கு அது வருடக் கணக்கிலும் ஆகும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரை யாரும் முகூர்த்தத்துக்கு முன்னால் நிறுத்தச் சொல்வதில்லை.

அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. இன்னும் யார் என்றே முடிவாகாத ஒரு பெண், உங்கள் அடுக்களையில் அடுத்த திரைச்சீலையாக நிற்கப் போகிறாள். விஷயத்தைச் சொல்லி, தெரிந்து ஒரு பெண் சம்மதித்தால் தாராளமாகச் செய்யுங்கள், நானே வாழ்த்துவேன். மறைத்துச் செய்தால் அது ஏமாற்று. ஊசி போட்டவன் என்பதால் ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி பரிசோதனைகள் முடிந்துவிட்டனவா என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் அந்த வைரஸ்களுக்கு 2018-லிருந்து தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஹெபடைட்டிஸ் சி பெரும்பாலும் குணமாகிவிடும். கல்யாணத்துக்கு முன் முடிக்க வேண்டிய வேலை என்றால் இதுதான்.

டாக்டருக்கு ஃபோன் செய்த அன்று சாயங்காலமே உங்கள் தம்பியை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லப்போகிறோம் என்று மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவன் வாயாலேயே சொல்ல விரும்பினால் விடுங்கள். பேசத் தைரியம் வரவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். போதைப் பழக்க மீட்புக்கு என்றே 14446 இருக்கிறது.

அவர் “ஒரு போதைக்கு இன்னொரு போதையா?” என்று கேட்பார். எல்லாத் தகப்பன்மாரும் கேட்கும் கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த மருந்து இது என்று சொல்லுங்கள். 7 மாதமாக மகன் வீட்டில் இருக்கிறான், உயிரோடு இருக்கிறான், ஊசி தொடவில்லை என்பதையும் சொல்லுங்கள். அவர் கத்துவார். கத்தட்டும், அவருக்கு அந்த உரிமை உண்டு, 7 மாதம் தாமதமாகத்தான் கிடைக்கிறது. கத்தி முடித்ததும் அடுத்து மருத்துவமனைக்குப் போகும் தேதியைச் சொல்லி, மருந்துச் சீட்டை உங்கள் தம்பி கையாலேயே அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.