போர்மியோ பயணம்: ஃபேபர் மலைப் பயிற்சி போதுமா?

வணக்கம் அண்ணா. ஜூனில் கிராவல் சைக்கிளோடு (சரளைப் பாதையிலும் ஓட்டக்கூடியது) இத்தாலிய ஆல்ப்ஸ் மலையிலுள்ள போர்மியோ ஊருக்குப் போகிறீர்கள், அமைதியான பாதை வேண்டும், ஆனால் சிங்கப்பூரில் ஏறிப் பழக மலை இல்லை என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான், புக்கிட் தீமாவே 164 மீட்டர்தான். ஃபேபர் மலையை ஒரே காலையில் எட்டு, பத்து முறை ஏறி இறங்குங்கள், கால் பழகிவிடும்.

போர்மியோ பக்கத்து ஸ்டெல்வியோ கணவாயில் (2,757 மீட்டர்) கோடையில் மோட்டார் சைக்கிள் இரைச்சல் ஓயாது. பதிலாக ஃபிரயேலே கோபுரங்கள் வழியாகக் கான்கானோ ஏரிக்கு ஏறுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்ததும், 1,900 மீட்டர் உயரத்தில் ஏரியோரமாகச் சரளைப் பாதை. அங்கே அவசரப்படாதீர்கள்.

ஏற்றத்தில் மிதிப்பது இலேசாக இருக்க, பின்பக்கப் பெரிய பல்சக்கரம் முன்பக்கத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும், இதில் சிக்கனம் வேண்டாம். அப்புறம் முழுக்கையுறை. வியர்த்த சட்டையோடு இறங்கும்போது எனக்கு விரல் விறைத்து, பிரேக் பிடிக்கவே வரவில்லை.