புதிய டொமைன் விரிவாக்கங்களில் டிரேட்மார்க் பாதுகாப்பு: போதுமா, மிகையா?

டாட் ஷாப், டாட் ஆன்லைன் என்று நூற்றுக்கணக்கான விரிவாக்கங்கள் வந்துவிட்ட நிலையில், டிரேட்மார்க் வைத்திருப்பவர்களுக்குத் தந்திருக்கும் பாதுகாப்பு போதுமா, இல்லை சாதாரணமாகப் பெயர் வாங்க வருகிறவரின் கையைக் கட்டிப்போடுகிறதா என்பது கேள்வி. அச்சு அசலாக ஒத்துப்போகும் பெயருக்கு இப்போது இருக்கிற காவலே போதும், அதை மேலும் நீட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மோசடி நடப்பது பெரும்பாலும் அந்தக் காவலுக்கு வெளியே. சிறு நிறுவனம் பணத்தையும் நேரத்தையும் போட வேண்டியது அங்கேதான்.

சிக்கலின் வேர் எளிது. டிரேட்மார்க் உரிமை ஒரு நாட்டுக்குள், ஒரு வகைப் பொருளுக்கு அல்லது சேவைக்குக் கிடைப்பது. சர்வதேச வகைப்பாட்டில் மொத்தம் 45 வகுப்புகள். டெல்டா என்ற பெயரில் விமான நிறுவனமும் இருக்கிறது, குழாய் தயாரிக்கும் நிறுவனமும் இருக்கிறது. இரண்டும் சட்டப்படி சரியே. ஆனால் ஒரு விரிவாக்கத்தின் கீழ் டெல்டா என்ற டொமைன் உலகத்துக்கே ஒன்றுதான். பலருக்கு நியாயமாக உரிமையுள்ள சொல்லை ஒருவருக்கு மட்டும் பூட்டிவைத்தால் மற்றவர்களின் உரிமை போய்விடும். ஆறு கடலில் சேரும் இடத்தைப் பற்றித் தளம் நடத்த நினைக்கிறவரும் அந்த மற்றவர்களில் ஒருவர்தான்.

இந்த வாதம் 2008-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு புதிய விரிவாக்கங்களுக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்ததிலிருந்தே சூடாக நடந்துவருகிறது. அப்போதிருந்த பொது விரிவாக்கங்கள் இருபத்துச் சொச்சம்தான். 2012-இல் விண்ணப்பம் திறந்தபோது, கட்டணம் 1,85,000 டாலர் என்றிருந்தும், 1,930 விண்ணப்பங்கள் வந்தன. அதில் 1,200-க்கும் மேற்பட்டவை பயன்பாட்டுக்கு வந்தன. டிரேட்மார்க் தரப்பின் நிபுணர் குழு 2009-இல் தந்த பரிந்துரைகளில் முக்கியமான ஒன்று, உலகப் புகழ்பெற்ற டிரேட்மார்க் குறிகளின் பட்டியல் ஒன்றை வைத்து, அவற்றை எல்லா விரிவாக்கத்திலும் அடைத்துவிட வேண்டும் என்பது. அது நிராகரிக்கப்பட்டது. அந்த முடிவு சரி என்றே சொல்வேன். எத்தனை நாட்டில் பதிவு இருந்தால் ஒரு குறி உலகப் புகழ்பெற்றது என்பதற்கு எல்லோரும் ஏற்ற அளவுகோல் கிடையாது. அதை ஐகானே தீர்மானித்தால், எந்தச் சட்டமன்றமும் தராத உரிமையை ஒரு நிர்வாக அமைப்பு உருவாக்கியதாகிவிடும்.

அதற்குப் பதிலாக 2013-இல் வந்தது டிரேட்மார்க் கிளியரிங்ஹவுஸ் என்ற குறிகளின் பொதுத் தரவுத்தளம். தேசிய அல்லது பிராந்திய அளவில் பதிவான குறியையும், நீதிமன்றமோ சட்டமோ உறுதிசெய்த குறியையும் அங்கே ஏற்றலாம். விண்ணப்ப நிலையில் நிற்கும் குறியை ஏற்கமாட்டார்கள். அடிப்படைக் கட்டணம் ஒரு குறிக்கு ஆண்டுக்கு 150 டாலர் அளவில். முகவர் வழியே போனால் அவர் கூலி தனி. திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் அடிக்கடி காணும் பிழைகள் சில உண்டு: சான்றிதழில் உள்ள உரிமையாளர் பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகாதது, எழுத்தே இல்லாத வெறும் சின்னத்தைக் கொடுப்பது, டாட் காம் என்ற பகுதியையும் சேர்த்துப் பதிந்த குறியைக் கொண்டுபோவது.

கிளியரிங்ஹவுஸில் ஏறினால் இரண்டு பயன். ஒன்று சன்ரைஸ்: புதிய விரிவாக்கம் பொதுமக்களுக்குத் திறக்கும் முன்பு, குறைந்தது 30 நாள் குறி உரிமையாளர்கள் முந்திக்கொண்டு வாங்கலாம். இதற்கு மட்டும் குறியை உண்மையில் பயன்படுத்துவதற்கான ஆதாரம் வேண்டும். கையொப்பமிட்ட உறுதிமொழியும், ஒரு லேபிள் அல்லது விளம்பர மாதிரியும் போதும். சரிபார்ப்பு முடிந்ததும் எஸ்.எம்.டி. என்ற கோப்பு ஒன்று தருவார்கள். டொமைன் விற்கும் ரெஜிஸ்ட்ராரிடம் அதைக் காட்டித்தான் சன்ரைஸில் வாங்க முடியும் என்பதால், கடவுச்சொல்லைப் போலப் பத்திரமாக வைக்க வேண்டும்.

இன்னொன்று கிளெய்ம்ஸ் அறிவிப்பு. பொது விற்பனை தொடங்கிய முதல் 90 நாளில், பதிவான குறியோடு அப்படியே ஒத்துப்போகும் பெயரை யாராவது வாங்க முயன்றால், பணம் கட்டி முடிப்பதற்குள் திரையில் எச்சரிக்கை வரும். குறி எது, எந்த நாட்டில் பதிவு, எந்தப் பொருளுக்கு, உரிமையாளர் யார் என்ற விவரம் அதில் இருக்கும். "இதைப் படித்தேன், என் பதிவு இந்த உரிமையை மீறவில்லை என்று அறிந்தவரை நம்புகிறேன்" என்ற பொருளில் ஒப்புக்கொண்டால்தான் மேலே போகும். அது தடை இல்லை, வெறும் தகவல்தான். ஆனால் டெல்டா என்று தட்டியவருக்குக் குழாய்க்கான டிரேட்மார்க் விவரம் சட்ட மொழியில் எதிரே வந்து நின்றால், அவர் என்ன செய்வார்? பயந்து ஜன்னலை மூடிவிடுவார். இப்படிப் பாதியில் கைவிடப்பட்ட முயற்சிகள் நூற்றுக்கு 90-க்கும் மேல் என்று ஐகானுக்காக நடந்த ஆய்வு சொன்னது. அதில் எத்தனை பேர் திருட வந்தவர்கள், எத்தனை பேர் நியாயமாக வந்தவர்கள் என்று அந்த எண்ணை வைத்துப் பிரித்துவிட முடியாது. ஹோட்டல், கிளவுட், லவ் போன்ற அகராதிச் சொற்களும் டிரேட்மார்க்காகப் பதிவாகி உள்ளே இருக்கின்றன. அந்தத் தரவுத்தளத்தை யாரும் தேடிப் பார்க்கவும் முடியாது. அதைப் பொதுவில் திறப்பது பற்றி ஐகானின் மறுஆய்வுக் குழு பல ஆண்டு விவாதித்தும் ஒருமித்த முடிவு வரவில்லை. திறக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஒருவரை எச்சரிக்கும் பதிவேடு அவர் பார்க்க முடியாததாக இருப்பது முறையல்ல.

இப்போது ஓட்டை. எல்லாமே அச்சு அசல் ஒப்பீடு. குறியோடு லாகின், சப்போர்ட், ஆஃபர், கேர் என்று ஒரு சொல் சேர்ந்தாலோ, ஓர் எழுத்து பிசகினாலோ எச்சரிக்கை எழாது. லத்தீன் எழுத்தில் பதிந்த குறி, அதே ஒலியில் தமிழிலோ வேறு எழுத்திலோ வரும் பெயரைப் பிடிக்காது. முன்பே வழக்கில் வென்ற திரிந்த வடிவங்களை ஒரு குறிக்கு 50 வரை சேர்க்க வழியுண்டு. அதுவும் எச்சரிக்கைக்கு மட்டும்தான், சன்ரைஸுக்கு உதவாது.

சன்ரைஸிலும் ஒரு வலி இருக்கிறது. முந்தி வாங்கும் உரிமை உண்டு, விலைக்கு உச்சவரம்பு இல்லை. விரிவாக்கத்தை நடத்தும் நிறுவனமான ரெஜிஸ்ட்ரி உங்கள் பெயரைப் பிரீமியம் பட்டியலில் வைத்தால் ஆயிரக்கணக்கில் கேட்கலாம், ஒதுக்கீட்டுப் பட்டியலில் வைத்தால் விற்காமலே விடலாம். 2015-இல் டாட் சக்ஸ் திறந்தபோது டிரேட்மார்க் உரிமையாளருக்குச் சொன்ன விலை 2,000 டாலரைத் தாண்டியது. ஐகானுக்குள் இருக்கும் அறிவுசார் சொத்துப் பிரிவே அதைப் பகிரங்கமாகக் கண்டித்தது. தற்காப்புக்காக எல்லா விரிவாக்கத்திலும் வாங்கிக் குவிப்பது அதனால்தான் வீண். 1,200 இடத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்க யாராலும் ஆகாது. வியாபாரம் நடக்கும் நாட்டின் விரிவாக்கம், டாட் காம், தொழிலோடு நேரடியாகப் பொருந்தும் இரண்டு மூன்று ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிச்சப் பணத்தைக் கண்காணிப்பில் போடுங்கள். சந்தேகப் பெயர் கண்ணில் பட்டால் முதலில் திரைப்பிடிப்பு. முகவரிப் பட்டையும் தேதியும் தெரிய வேண்டும். அடுத்து அந்த டொமைனின் டி.என்.எஸ். பதிவில் எம்.எக்ஸ். (மின்னஞ்சல் எந்தச் சர்வருக்குப் போகும் என்று சொல்லும் வரி) இருக்கிறதா என்று பாருங்கள். தளம் வெறுமையாக இருந்தும் மின்னஞ்சல் அமைப்பு உயிரோடு இருந்தால், உங்கள் பெயரில் போலி பில் அனுப்பத் தயாராகிறார்கள் என்று சந்தேகிக்கலாம். பலர் தவறவிடும் தடயம் இதுதான். மின்னஞ்சல் வந்திருந்தால் அது எங்கிருந்து எந்த வழியாக வந்தது என்று காட்டும் முழு ஹெட்டரையும் சேமியுங்கள். பிறகு ரெஜிஸ்ட்ராருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் முறைகேட்டுப் புகார். பிஷிங் (போலித் தளம் காட்டிக் கடவுச்சொல் திருடுவது) என்றால் வழக்கை விட இது வேகமாக வேலை செய்யும்.

அதற்கும் மசியாவிட்டால் இரண்டு பாதை. பெயரை வேகமாக முடக்கும் யு.ஆர்.எஸ். என்ற புகார் முறை மலிவு: சில நூறு டாலர் கட்டணம், 500 சொல்லுக்குள் புகார், எதிர்த்தரப்புக்கு 14 நாள். சாட்சியம் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருக்க வேண்டும், வென்றாலும் பெயர் கைக்கு வராது. மீதிப் பதிவுக் காலம் முடங்கிக் கிடக்கும், அவ்வளவே. முடிந்ததும் வேறொருவர் வாங்கலாம். டாட் காமுக்கு இது பொருந்தாது. பெயரே வேண்டும் என்றால் 1999-இல் வந்த யு.டி.ஆர்.பி. என்ற தகராறுத் தீர்வு முறை. உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனத்தில் ஒரு நடுவர், 5 டொமைன் வரை 1,500 டாலர். மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: பெயர் குறியோடு குழப்பம் தரும் அளவு ஒத்திருக்கிறது, எதிராளிக்கு நியாயமான உரிமை இல்லை, தீய எண்ணத்தோடு பதிந்து தீய எண்ணத்தோடே பயன்படுத்துகிறார். பலர் சறுக்குவது மூன்றாவதில். உங்கள் குறி பிறப்பதற்கு முன்பே பதிவான டொமைன் என்றால், பெரும்பாலும் அங்கேயே கதை முடிந்தது. வெறுமையாகக் கிடக்கும் தளத்தையும் தீய பயன்பாடாகக் கொள்ளலாம் என்பது 2000-இல் டெல்ஸ்ட்ரா நிறுவனம் தொடுத்த யு.டி.ஆர்.பி. வழக்கின் தீர்ப்பிலிருந்து நிலைத்த வழி, சூழ்நிலை முழுதும் அதற்குத் துணை நின்றால்.

2018-இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் அமலானதிலிருந்து பதிவுதாரர் பெயர் பொதுவில் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். புகாரைப் பெயர் தெரியாமலே தாக்கல் செய்யலாம். வழக்கு தொடங்கியதும் ரெஜிஸ்ட்ரார் விவரம் தருவார், புகாரைத் திருத்திக்கொள்ளலாம். ஒரே ஆள் பல பெயர் வைத்திருக்கிறாரா என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் கடினமாகிவிட்டது. அடுத்த சுற்று விண்ணப்பங்களை 2026 ஏப்ரல் முதல் ஏற்பதாக, 2,27,000 டாலர் கட்டணத்தோடு, ஐகான் அறிவித்தது. குறியையே விரிவாக்கமாக வேறொருவர் கேட்டால், சட்ட உரிமை ஆட்சேபம் என்ற தனி வழி உண்டு. அதற்கான காலக்கெடு குறுகியது.

மறுபக்கத்தில் நிற்கிறவருக்கும் ஒரு சொல். கிளெய்ம்ஸ் எச்சரிக்கை வந்தால் அதிலுள்ள பொருள் வகையைப் படியுங்கள். உங்கள் தொழில் வேறு, சொல்லும் அகராதிச் சொல் என்றால் துணிந்து தொடரலாம். யு.டி.ஆர்.பி. புகார் வந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். பதிலுக்கு 20 நாள், கேட்டால் கூடுதலாக 4 நாள் தானாகவே கிடைக்கும். பெயரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்குப் புகாருக்கு முந்தைய தேதியிட்ட ஆவணங்களை இணையுங்கள். புகார் கெட்ட நோக்கத்தோடு பெயரைப் பறிக்கப் போட்டது என்று தோன்றினால், அப்படியே தீர்ப்பில் பதிவுசெய்யும்படி நடுவரிடம் எழுதிக் கேளுங்கள். தோற்றாலும், 10 வேலை நாளுக்குள் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதற்கான சான்றைக் காட்டினால் ரெஜிஸ்ட்ரார் பெயரை மாற்றித் தரமாட்டார். எந்த நாட்டு நீதிமன்றம் என்பதைப் புகார்தாரர் தம் புகாரிலேயே ஒப்புக்கொண்டிருப்பார். அந்தப் பத்தியை முதலிலேயே குறித்து வையுங்கள்.