பாண்டா எப்போது விழித்திருக்கும்?

கேள்வி: மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு சீனாவின் செங்டு நகரத்துக்குப் போகிறோம். முன்பு சிங்கப்பூரில் பாண்டா பார்க்கப் போனபோது நாங்கள் நின்ற நேரம் முழுக்க அது தூங்கிக்கொண்டே இருந்தது. எட்டு வயது மகளுக்கு ஒரே ஏமாற்றம். இந்த முறை விழித்திருக்கும்போது பார்க்க என்ன செய்ய வேண்டும்? குட்டியைத் தூக்கி வைத்துப் படம் எடுக்க விடுவார்களா? காட்டிலேயே போய்ப் பார்க்க வழி உண்டா? — ஒரு வாசகி, கோவை

பதில்: காலை எட்டு மணிக்குள் உள்ளே இருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

செங்டுவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் பாண்டா இனப்பெருக்க ஆய்வு மையத்தை ஏழரை மணி வாக்கில் திறந்துவிடுவார்கள். காலையில் புது மூங்கில் வந்து விழுந்ததும் பாண்டாக்கள் உட்கார்ந்து தின்ன ஆரம்பிக்கும். நீங்கள் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். ஓட்டலில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குப் போனால், கிளையில் தொங்கும் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

மே மாதம் என்பதால் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாண்டா குளிர்ந்த மலைக்காட்டு விலங்கு. வெப்பம் 26 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அங்கே அவற்றை ஏசி அறைக்குள் கொண்டுபோய்விடுவார்கள். செங்டுவில் மே மாத மதியம் இந்த அளவைத் தொடுவது சாதாரணம். இன்னொன்று, மே 1-ஐ ஒட்டிய நாட்களில் சீனாவில் தொழிலாளர் தின விடுமுறை. ஊரே கிளம்பி வந்துவிடும். அந்த வாரத்தைக் கண்டிப்பாகத் தவிருங்கள். பள்ளி ஒத்துக்கொண்டால் ஏப்ரல் கடைசியிலேயே போய்விடுவது இன்னும் நல்லது.

சரி, அது ஏன் அப்படித் தூங்குகிறது என்பதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏமாற்றம் பாதியாகக் குறையும். பாண்டா ஒரு கரடி. அதன் குடல் இன்னும் இறைச்சி தின்னும் விலங்கின் குட்டைக் குடல்தான். ஆனால் உணவில் 99 சதவீதம் மூங்கில். மாட்டைப்போல நான்கு அறை இரைப்பை கிடையாது, அசைபோடவும் முடியாது. தின்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் செரிக்கிறது, மிச்சம் அப்படியே வெளியே வந்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு 12 முதல் 38 கிலோ வரை தின்றாக வேண்டும், அதற்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. வரவு இவ்வளவு குறைவு என்பதால் செலவையும் சுருக்கிக்கொள்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த எடையுள்ள பாலூட்டியிடம் எதிர்பார்க்கும் ஆற்றலில் 38 சதவீதத்தை மட்டுமே பாண்டா செலவழிக்கிறது என்று காட்டியது. தைராய்டு ஹார்மோனும் மிகக் குறைவு. மற்ற சில கரடிகளைப்போலக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க உறங்கவும் இதற்கு வழியில்லை. தின்பது, சில மணி நேரம் தூங்குவது, மறுபடி தின்பது, இப்படித்தான் ஓடுகிறது. சிங்கப்பூரில் நீங்கள் பார்த்தது இந்தச் சுற்றின் நடுப்பகுதி.

ஆகவே தின்னும்போது பாருங்கள். ஒரு சிறிய பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள். முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருக்கும் பாண்டாவின் முன்கையை மகளுக்குக் காட்டுங்கள். ஐந்து விரல்கள் ஒரு பக்கம். அதற்கு எதிர்ப்பக்கம் மணிக்கட்டிலிருந்து ஒரு மேடு துருத்திக்கொண்டிருக்கும். அது உண்மையான கட்டைவிரல் அல்ல, மணிக்கட்டு எலும்பொன்று பெரிதாக வளர்ந்தது. அந்த மேட்டுக்கும் விரல்களுக்கும் நடுவில் மூங்கிலைப் பிடித்து, வாயோரத்தில் வைத்துத் தோலை உரித்து, நாம் கரும்பு கடிப்பதுபோலக் கடித்து இழுக்கும். வசந்த காலத்தில் மூங்கில் குருத்து கிடைக்கும். மேலுறையை உரித்து எறிந்துவிட்டு உள்ளிருக்கும் வெள்ளைச் சதையை மட்டும் தின்னும் வேகத்தைப் பார்த்தால், இதையா சோம்பேறி என்றோம் என்று தோன்றும். குருத்தில் புரதம் அதிகம். காட்டுப் பாண்டாக்கள் குருத்து முளைக்க முளைக்க மலையில் மேலே ஏறிப் போவதே இதற்காகத்தான்.

எச்சத்தையும் காட்டலாம், குழந்தைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். இரு முனையும் கூம்பி, பச்சை கலந்த நிறத்தில், உள்ளே மூங்கில் துண்டுகள் துண்டு துண்டாகவே தெரியும். நாற்றம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது.

குட்டிகள் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். பெண் பாண்டா கருத்தரிக்கத் தயாராக இருப்பது வருடத்துக்கு ஒரே தடவை, வசந்தத்தில், அதுவும் இரண்டு மூன்று நாட்கள்தான். குட்டிகள் பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் பிறக்கும். பிறக்கும்போது எடை சுமார் 100 கிராம், தாயின் எடையில் ஏறத்தாழ 900-இல் ஒரு பங்கு. முடியில்லாமல், கண் திறக்காமல், இளஞ்சிவப்பாக இருக்கும். நீங்கள் போகும்போது அதே குட்டிகளுக்கு எட்டு, பத்து மாதம் ஆகியிருக்கும். மரத்தில் ஏறி, விழுந்து, ஒன்றையொன்று உருட்டி விளையாடும் வயது. ஏறக்குறைய பாதிப் பிரசவங்களில் இரட்டைக் குட்டிகள்தான். காட்டில் தாய் வழக்கமாக ஒன்றை மட்டும் வளர்க்கும். மையங்களில் ஒரு குட்டியை இன்குபேட்டரில் வைத்து, இரண்டையும் தாயிடம் மாற்றி மாற்றிப் பால் குடிக்கவிட்டுக் காப்பாற்றுகிறார்கள். செங்டு மையம் 1987இல் 6 பாண்டாக்களோடு ஆரம்பித்த இடம். இன்று உலகம் முழுவதும் மனிதப் பராமரிப்பில் இருப்பவை 700-ஐத் தாண்டிவிட்டன.

அங்கே ஹுவா ஹுவா என்ற பெண் பாண்டாவுக்குத் தனி ரசிகர் பட்டாளமே உண்டு. மணிக்கணக்காக வரிசையில் நின்றால் சில நிமிடம் பார்க்க விடுவார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். அந்த நேரத்தில் பெயர் தெரியாத நாலு பாண்டாக்களை நிதானமாகப் பார்க்கலாம்.

தூக்கி வைத்துப் படம் எடுப்பதா? முடியாது. முன்பு பணம் வாங்கிக்கொண்டு அனுமதித்தார்கள், இப்போது நிறுத்திவிட்டார்கள். நல்லதுதான். 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் ஷான்ஷி மாகாணத்தின் மீட்பு மையம் ஒன்றில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் தொற்றிச் சில பாண்டாக்கள் இறந்தன. வெளியாட்களிடமிருந்து விலக்கி வைப்பதில் அதன் பிறகு கண்டிப்பு கூடியது. வேறு யாராவது பணம் வாங்கிக்கொண்டு ஏற்பாடு செய்கிறேன் என்றால் நம்பாதீர்கள்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் வோலாங் பகுதியின் ஷென்ஷூபிங் மையத்துக்குப் போய் வாருங்கள். காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மலை என்பதால் குளிர்ச்சி, மே மாதத்துக்கு அதுவே பெரிய வசதி. 2008 நிலநடுக்கத்தில் வோலாங்கின் பழைய மையம் சிதைந்த பிறகு ஹாங்காங்கின் உதவியோடு கட்டிய இடம்.

காட்டில் பார்க்கும் ஆசையை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பாண்டா தனித்து வாழும் விலங்கு. சிச்சுவான், ஷான்ஷி, கன்சு மலைகளில் ஆளுயர மூங்கில் புதருக்குள் இருக்கும். கணக்கெடுப்புக்குப் போகிறவர்களே பாண்டாவைப் பார்ப்பதில்லை, எச்சத்தைத்தான் பொறுக்குகிறார்கள். அதிலிருக்கும் மூங்கில் துண்டின் நீளம் பாண்டாவுக்குப் பாண்டா மாறும். அதையும் டிஎன்ஏ-வையும் வைத்து இது வேறு, அது வேறு என்று பிரிப்பார்கள். 2015இல் வெளியான நான்காவது கணக்கெடுப்பில் வந்த 1,864 என்ற எண் அப்படிக் கிடைத்ததுதான். அதற்கு முந்தையதில் 1,596.

எண்ணிக்கை கூடியதற்குச் செங்டுவில் பிறந்த குட்டிகள் முக்கியக் காரணம் அல்ல. அவற்றில் காட்டுக்குத் திரும்பியவை மிகச் சில. 1998இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை வந்தது, சரணாலயங்கள் பெருகின. அதுதான் பலன் தந்தது. 2016இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பாண்டாவை ‘அழியும் நிலை’ பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கி ‘பாதிக்கப்படக்கூடியது’ என்று மாற்றியது. ஆனால் காட்டில் இருப்பவை 33 தனித்தனிக் கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கின்றன, நடுவில் சாலை, ஊர், வயல். ஒரு மூங்கில் இனம் பூத்தால் அந்த மலை முழுக்க ஒரே நேரத்தில் பட்டுப்போகும். முன்பு பாண்டா அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும், இப்போது போகும் வழி அடைபட்டிருக்கிறது. 2021இல் அறிவித்த சுமார் 22,000 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா இந்தத் துண்டுகளை இணைக்கத்தான். இதே சரணாலயங்களில் பெரும்பாலானவற்றில் சிறுத்தை, ஓநாய், நம் முதுமலையில் கூட்டமாகத் திரியும் அதே செந்நாய் எல்லாம் 1960களுக்குப் பிறகு காணாமல் போய்விட்டன. பாண்டாவைக் காப்பாற்றினால் காட்டில் எல்லாமே தப்பிவிடும் என்று சுற்றுலாக் கையேடு சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, செங்டு மையத்துக்கு டிக்கெட்டை வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். முன்பதிவு வேண்டும், மகளுக்கும் சேர்த்துப் பாஸ்போர்ட் எண் கேட்பார்கள். உள்ளே போகும்போது அதே பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.